யூதாசுக்குப் போர்த்திய முக்காடு

என் மகள் அமலராணி அம்மை கண்டு செத்து மூன்று மாதம். அறுபத்தொன்றாம் வருஷம் அது. எனக்கு அழுகை வரவில்லை. சோற்றில் உப்பில்லை என்றால்கூடத் தெரியாது. கோபம் மட்டும் பாக்கி இருந்தது.

அன்றைக்கு டிரங்குப் பெட்டியைத் திறந்தால் அவள் முதல்முதலாக நன்மை வாங்கியபோது போட்ட புதுநன்மை முக்காட்டைக் காணோம். அதோடு தைத்த வெள்ளை உடுப்பைப் போட்டுத்தான் புதைத்தோம். முக்காட்டை மட்டும் நான் கொடுக்கவில்லை. அவள் தலை வாசம் அதில்தான் இருந்தது.

பெட்டிச் சாவி என்னிடம் ஒன்று, என் வீட்டுக்காரர் கஸ்பாரிடம் ஒன்று. திருடனை வெளியே தேடுவானேன்? தோல் பதனிடும் ஷாப்பு நாற்றத்தினூடே உச்சி வெயிலில் அவர் வேலை செய்யும் இடத்துக்கு நடந்தேன்.

கோவிலுக்குப் பின்னால், பழைய ஏடுகள் வைத்திருக்கும் அறையில் அவருக்கு ஒட்டித் தைக்கிற வேலை. சாமி சிலுவையில் பட்ட பாட்டைப் புனித வெள்ளிக்கு ஆடும் பாஸ்கு நாடகத்தின் பழைய கையெழுத்துப் பிரதி பிரிந்து கிடந்தது. நைந்த தாள்மேல் சல்லாத் துணியை மைதாப் பசையால் ஒட்டுவார். எழுத்து துணி வழியே தெரியும். மெட்ராசிலிருந்து துணி வரவில்லை என்று ஒரு வாரமாகப் புலம்பிக்கொண்டிருந்தார். மேசையில் ஒரு தாள் காய்ந்துகொண்டிருந்தது. அதன்மேல் என் மகளின் முக்காடு.

“இது யாரு பேசுற பக்கம்?”

“யூதாசு.”

“அட பாவி மனுசா! எம்புள்ள முக்காட்டைச் சாமியக் காட்டிக் குடுத்தவனுக்கா போத்துனீங்க? மாதா புலம்புற பக்கம் இல்லையா?”

“அது நல்லாத்தான் இருக்கு, புஷ்பம். இதுதான் உதுந்து போச்சு. இன்னுங் கொஞ்ச நாள் விட்டா அம்புட்டும் பொடிதான்.”

“உதுந்தா உதுரட்டும். எனக்கு முக்காடு வேணும்.”

அவர் கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்து தாளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“மைதாப் பசைதான், நனைச்சா பிரிஞ்சிரும். தாள் தாங்காது. பரவால்ல, பிரிச்சுத் தரவா?”

முக்காட்டில் வெட்டாத மீதித் துணி மடித்து இருந்தது. எடுத்து மோந்து பார்த்தேன். சவுக்கார வாடை.

“எண்ணெய்ப் பிசுக்கு இருந்தா பசை புடிக்காது. அலசிட்டேன்,” என்றார்.

கிண்ணத்தை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன்.

“அலசுறதுக்கு முன்னாடி மோந்து பாத்தீங்களா?”

“பாத்தேன்.” தரையைப் பார்த்தபடி சொன்னார். “அன்னிக்கு வேலையே ஓடல.”

எனக்கு அப்போதும் அழுகை வரவில்லை. கிண்ணத்துத் தண்ணீரை வாசலில் கொட்டிவிட்டு வந்தேன். மீதித் துணியை யூதாசின் அடுத்த தாள்மேல் விரித்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கத்தரியை எடுக்காமல் நின்றார்.

“வெட்டுங்க,” என்றேன். “கோணாம வெட்டுங்க.”