திரு. விட்கம் கேட்ட விடுப்பு

எலியஸ் விட்கமின் கையெழுத்து பழகுவதற்குக் கோமளத்துக்கு ஒரு வாரம் ஆனது. அதற்குப் பிறகு, மந்தைவெளி ஃப்ளாட்டில் காலை ஒன்பது மணிக்குக் கம்ப்யூட்டரைத் திறந்தால், அன்றைக்கு அவளோடு பேசுகிறவர் அநேகமாக அவர் ஒருவர்தான்.

விட்கம் அமெரிக்காவில் ஒரு சிற்றூரின் கிளார்க். 1788-லிருந்து ஊர்ப் பதிவேடு அவர் கையில். காணாமல் போன மாடு, வேலித் தகராறு, பிறப்பு, இறப்பு எல்லாவற்றையும் அவர்தான் எழுத வேண்டும். ஸ்கேன் செய்த அந்தப் பக்கங்களைப் படித்து டைப் செய்வது, வங்கியில் ஓய்வு பெற்ற கோமளத்துக்குக் கிண்டியில் ஒரு கம்பெனி கொடுத்த வேலை.

1797-இல் ஊர் அவரைத் தன் பிரதிநிதியாகத் தலைநகரச் சட்டசபைக்கு அனுப்பியது. பதிவேட்டில் வேறு யாரோ கோணலாக எழுத ஆரம்பித்தார்கள். அந்தக் கோணல் எழுத்தில்தான் அந்த வரி வந்தது: 'பிப்ரவரி 11. கிளார்க் விட்கமின் மனைவி மெர்சி காய்ச்சலில் இறந்தாள்.'

கோமளம் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். அவள் திருநெல்வேலிக்கு மாற்றலாகியிருந்த வருஷம், கணவருக்கு நெஞ்சுவலி என்று ஃபோன் வந்தது. ரயிலைப் பிடித்து எழும்பூரில் இறங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது.

கம்பெனியிலிருந்து வேலை அனுப்பும் அனுப்ரியாவை அழைத்தாள்.

"அனு, அந்த வருஷத்துச் சட்டசபைக் குறிப்பு உங்ககிட்ட இருக்கா? அவர் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாரான்னு பாக்கணும்."

"யாரு ஆன்ட்டி?"

"விட்கம்."

"அது வேற டீம் பண்றாங்க ஆன்ட்டி. கேட்டு அனுப்பறேன்."

சாயங்காலம் அந்தக் குறிப்பு வந்தது. அவர் பெயர் இரண்டே இடத்தில். ஒன்று, பாலம் கட்ட மனு. அடுத்தது, 'பிப்ரவரி 12. திரு. விட்கம் வீட்டுக்குப் போக விடுப்பு கேட்டார். வழங்கப்பட்டது.'

மெர்சி போய் ஒரு நாள் ஆகியிருந்தது. அது தெரியாமலேதான் அவர் பனியில் குதிரை ஏறியிருக்க வேண்டும்.

இருபதாம் தேதி பழைய கையெழுத்து திரும்பி வந்தது. மெர்சியைப் பற்றி ஒன்றுமில்லை. வடக்குச் சாலையில் பனி அள்ள ஆள் வைத்த விவரம். அடுத்த ஆண்டு ஊர் மறுபடி அவரைச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுத்தது. 'மறுத்துவிட்டார்' என்று தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொண்டார். பிறகு பத்தொன்பது வருஷம் பதிவேடு மட்டும்தான். போகப்போக எழுத்து நடுங்கியது, வரிகள் சரிந்தன.

ஒரு புதன்கிழமை, காலை பதினோரு மணிக்கு, புதிய கையெழுத்து ஒன்று அவர் இறந்ததைச் சொன்னது. கோமளம் அந்த வரியை டைப் செய்து முடித்தாள். எழுந்து போய்த் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டாள்.

பிழிந்த புடவையைக் கையில் எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தபோது எதிர் ஃப்ளாட் ஹம்சினி லிஃப்டுக்காக நின்றிருந்தாள்.

"என்ன மாமி, இந்நேரத்துல ஸ்நானம்? ஏதாவது துக்கமா?"

"ஆமாம்மா. தெரிஞ்சவர். அமெரிக்காவுல."

"அடடா. கடைசியில கூட யாராவது இருந்தாளா?"

"தெரியலை. அதை யாரும் எழுதலை."

ஹம்சினி ஏதோ கேட்க வாயெடுத்தாள். லிஃப்ட் வந்துவிட்டது. "ஆஃபீஸ்ல மீட்டிங், வரேன் மாமி."

கதவு மூடிக்கொண்டது. கோமளம் புடவையை உதறிக் கொடியில் போட்டாள்.