ஐந்தாவது வளைவில் படகு

“வண்டிக்கு வயசாயிடுச்சுண்ணே.”

“உனக்கும் எனக்கும் ஆகலையா? நாம மாடிப்படி ஏறலையா?”

“நாம முதுகுல படகைக் கட்டிக்கிட்டு ஏறலையே.”

மெக்கானிக் பிக்கப் வண்டியின் அடியிலிருந்து சறுக்கி வெளியே வந்தார். எதிரே முக்காலியில் உட்கார்ந்திருந்தவர் குழாய்க்காரர். ஊரில் பாதி வீட்டுக் குழாய்கள் அவர் கைபட்டவை. அவர் முடுக்கிய இணைப்பை இன்னொருவர் பிரித்ததாகச் சரித்திரம் இல்லை. பைப்பையே அறுத்துத்தான் எடுப்பார்கள்.

மலை உச்சியில் ஏரி. அங்கே போக ஒன்பது கொண்டை ஊசி வளைவுகள். முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை குழாய்க்காரர் தன் படகை ட்ரெய்லரில் ஏற்றி அங்கே இழுத்துக்கொண்டு புறப்பட்டார். இரண்டாவது வளைவிலேயே கிளட்ச் புகைந்து, வண்டி படகோடு பின்னால் நகர ஆரம்பித்தது. குழாய்க்காரரின் மனைவி குதித்து இறங்கி, படகு ட்ரெய்லரின் சக்கரத்துக்கு ஒரு முட்டுக்கட்டையைக் கொடுத்த பிறகுதான் பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுத்தார்.

“கல்யாணமான நாள்லேருந்து எல்லாத்துக்கும் முட்டுக்கட்டை போடுறேன்னு சொன்னீங்க,” என்று திரும்பும் வழியில் அவள் சொன்னாள். “நேத்து வரைக்கும் அது குறையா இருந்துச்சு.”

குழாய்க்காரர் அப்போது வாய் திறக்கவில்லை. அன்று மாலை திறந்தார், திறக்கக்கூடாத இடத்தில். மனைவியின் தம்பி ஏரிக்கரையில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவன். வீட்டுக்கு வந்தவன் நேரே முற்றத்துக்குப் போய், இன்ச் டேப்பால் படகை அளக்க ஆரம்பித்தான்.

“என்ன மாப்ளே அளக்குறே?”

“மூணு வருஷமா படகு முற்றத்துல நிக்குது மச்சான். நடுவுல அறுத்து, மேல ஒரு பலகை போட்டா என் கடைக்குக் கல்லா மேசை. பாக்கவும் லட்சணமா இருக்கும்.”

“அறுப்பியா? ரெண்டே வாரம். அடுத்த ஞாயிறு இல்ல, அதுக்கடுத்த ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்குள்ள இது உன் ஏரியில மிதக்கும். மிதக்கலேன்னா நீயே எடுத்துக்க.”

“அக்கா, நீ சாட்சி.”

“நான் துணி காயப்போட இடம் கிடைச்சா போதும்டா,” என்றாள் அவள். ஆனால் புருஷனின் முகத்தைப் பார்த்ததும் சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது. அவர் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்ற விதம், பள்ளிக்கூட வாசலில் பிள்ளையை விட்டுவிட்டு நிற்பவர் மாதிரி இருந்தது.

அதனால்தான் திங்கட்கிழமை விடிந்ததும் மெக்கானிக் ஷெட்.

“கிளட்ச் மாத்தணும். கிரவுன் பல்சக்கரத்தையும் மாத்திடலாம். இழுவை கூடும், வேகம் குறையும். படகு என்ன எடை?”

“நானூறு கிலோ. வாங்கும்போது குடுத்த காகிதத்துல இருக்கு.”

“நானூறுதானா?” மெக்கானிக் தலையைச் சொறிந்தார். “அதுக்கா இப்படி முக்குது?”

புது கிளட்ச்சும் பல்சக்கரமும் ஏறின. வேகம் குறையும் என்று சொன்னது பொய்யில்லை. காய்கறி வாங்க அந்த வண்டியை ஓட்டிப்போன மனைவியைச் சைக்கிளில் ஒருவர் முந்திக்கொண்டு போய், “ஏதாவது உதவி வேணுமாம்மா?” என்று விசாரித்தார். அடுத்த ஞாயிறு மூன்றாவது வளைவு வரை போனார்கள். ரேடியேட்டர் கொதித்தது. முட்டுக்கட்டை.

“பெரிய ரேடியேட்டர்,” என்றார் முற்றத்துக்கு வந்த மெக்கானிக். “பின்னாடி ஸ்பிரிங்ல ரெண்டு பட்டை கூட்டுறேன். ட்ரெய்லருக்குத் தனி பிரேக். ட்ரெய்லர் டயர்ல மட்டும் ஏன் காத்து நிக்க மாட்டேங்குதுன்னு புரியல. போன வாரம்தான் அடிச்சேன், மறுபடி நசுங்கிக் கிடக்கு.”

“வாங்கிட்டு வந்த அன்னிக்கு இதே வண்டிதானே இழுத்துச்சு தம்பி? பாட்டுப் போட்டுக்கிட்டு வந்தோமே,” என்றாள் அவள் மெக்கானிக்கிடம்.

“அது சமதரை அண்ணி.”

“அப்பவும் ஒரு மேடு இருந்துச்சு.”

“நீ சும்மா இரு,” என்றார் குழாய்க்காரர். அவர் ஹோஸ் பைப்பைப் பிடித்துப் படகைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். மூன்று வருஷமாக வாரம் தவறாமல் நடக்கும் குளியல். “பாரு, இவ்வளவு தண்ணி ஊத்துறேன், அடியில ஒரு சொட்டு ஒழுகுதா? பின்பக்கம் இருந்த பித்தளைத் திருகுமூடிக்கு நான்தான் மரையில வெள்ளை டேப் சுத்தி, பசை தடவி முடுக்கினேன். என் கைவேலை.”

கடைசி ஞாயிறு மெக்கானிக்கும் கூட வந்தார். மூன்றாவது வளைவு தாண்டியது. நான்காவது தாண்டியது. ஐந்தாவதில் வண்டி ஒருமுறை இருமி, நின்றது.

“கட்டை.”

அவள் ஏற்கெனவே இறங்கியிருந்தாள். மணி ஐந்து பத்து. மேலேயிருந்து மோட்டார் பைக்கில் தம்பி வந்துகொண்டிருந்தான். சட்டைப் பையில் இன்ச் டேப்.

“இங்கேயே எடுத்துக்கவா மச்சான், இல்ல வீட்டுக்கு வரவா?”

குழாய்க்காரர் ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்கவில்லை. “எடுத்துக்க,” என்றார். 

ட்ரெய்லர் சக்கரத்தருகே குனிந்திருந்தவள் நிமிரவில்லை. காதைப் படகின் வயிற்றில் வைத்தாள்.

“என்னங்க, உள்ள யாரோ வாய் கொப்புளிக்கிற மாதிரி சத்தம் கேக்குது.”

“என் படகுக்குள்ள ஒரு சொட்டு தண்ணி போகாது.”

“போயிருக்கு. இருக்கைக்கு அடிச்ச ஆணி ஓட்டை வழியா மேல்தட்டுக்குக் கீழ இறங்கி, வாராவாரம். உள்ள போனது வெளிய வர வழியில்லாம நீங்கதான் அடைச்சு வச்சிருக்கீங்க.”

மெக்கானிக் படகின் பின்புறத்தைத் தட்டினார். தண்ணீர்த் தொட்டியைத் தட்டுகிற சத்தம் வந்தது. கொஞ்சம் மேலே தட்டினார். அங்கேயும் அதே சத்தம். அவர் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார்.

“கிளட்ச், பல்சக்கரம், ரேடியேட்டர்,” என்று விரல் மடித்தார். “அண்ணே, ரெண்டு வாரமா நாம ஏரிக்குத் தண்ணி கொண்டுபோயிட்டு இருக்கோம். தரையில நிக்கிற படகுக்கு அந்த மூடியைத் திறந்துதானே வைப்பாங்க?”

“ஒழுகுற ஓட்டையைப் பாத்துட்டு எப்படிடா திறந்து வைக்கிறது?” என்றார் குழாய்க்காரர், நிஜமாகவே புரியாமல்.

பைப் ரெஞ்ச் வண்டியில் இருந்தது. மூடியைக் கவ்வி அழுத்தினார். அசையவில்லை. மெக்கானிக்கும் சேர்ந்து தொங்கினார். அசையவில்லை.

“எத்தனை சுத்து டேப் சுத்தினீங்க?”

“நாப்பது.”

“டேய், வந்து பிடிடா,” என்றாள் அவள் தம்பியிடம்.

“என் கல்லா மேசையை நானே ஏன்க்கா கெடுத்துக்கணும்?”

“சின்ன வயசுல உன்னைக் கிணத்துலேருந்து தூக்கினது யாரு?”

“ஒவ்வொரு தடவையும் கிணத்தை இழுக்காதக்கா,” என்றபடி அவன் வந்து பிடித்தான்.

மூன்று ஆண்கள் தொங்க, அவள் ரெஞ்சின் கைப்பிடி மேல் ஏறி நின்றாள். மூடி ஒரு அலறல் அலறிச் சுழன்றது. அப்புறம் மூன்று வருஷத் தண்ணீர் பாய்ந்தது. கீழே நான்காவது வளைவில் திரும்பிய பஸ்காரர் வெயிலில் வைப்பரைப் போட்டார். முழுதும் வடிய இருபது நிமிஷம் ஆயிற்று.

பிறகு வண்டி ஏறியதை ஏற்றம் என்று சொல்வது தப்பு. கிளட்ச்சும் பல்சக்கரமும் இத்தனை நாள் வாங்கிய திட்டையெல்லாம் திருப்பிக் கொடுத்தன. ஒன்பதாவது வளைவில் மெக்கானிக், “மெதுவாண்ணே, படகு நம்மளை முந்திடப் போகுது,” என்றார்.

ஏரிக்கரையில் மணி ஐந்து ஐம்பத்திரண்டு. ட்ரெய்லரைத் தண்ணீருக்குள் பின்னால் விடும்போதுதான் குழாய்க்காரர் பிரேக்கை மிதித்தார்.

“மூடி.”

தம்பி மரியாதைக்காக ஏரிப்பக்கம் திரும்பிச் சிரித்தான்.

அவள் மடியிலிருந்து பித்தளை மூடியை எடுத்தாள். “கட்டையை மறந்துட்டு வந்துட்டேன். இதை மறக்கல. ஆனா டேப் கிடையாது, பசை கிடையாது. வெறுங்கையால முடுக்கணும். நாளைக்கு வீட்டுல நான் கழட்டுவேன்.”

“வெறுங்கையாலயா?” ஊரறிந்த கைவேலைக்காரர் தன் சட்டைப் பையைத் தொட்டார். வெள்ளை டேப் அங்கேதான் இருந்தது.

“மணி அம்பத்தஞ்சு மச்சான்,” என்றான் தம்பி.

அவர் வெறுங்கையால் முடுக்கினார். ஆறு மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது படகு மிதந்தது. அதில் அவரும் அவளும் இருந்தார்கள். கரையில் தம்பி இன்ச் டேப்பைச் சுருட்டிக்கொண்டு, பழைய மேசையே பரவாயில்லை என்று மெக்கானிக்கிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஏரியின் நடுவில் குழாய்க்காரர் துடுப்பை நிறுத்திவிட்டு மூடியையே பார்த்தார்.

“சொட்டுதும்மா.”

“சொட்டட்டும்.”

“நிமிஷத்துக்கு ஒரு சொட்டு.”

“எண்ணாதீங்க. துடுப்பைப் போடுங்க.”

அவர் துடுப்பைப் போட்டார். அவள் எழுந்து வந்து, அவருடைய சட்டைப் பை இருந்த பக்கமாக உட்கார்ந்துகொண்டாள்.