கைராசி

"நல்ல மாங்குச்சியாத்தான் குடுத்தேன். ஒட்டுக் கட்டத் தெரியாம கருக்கிட்டு என்னையே குத்தம் சொல்றியா?" என்று மதிலுக்கு இந்தப் பக்கமிருந்து டீச்சரம்மா கத்தினாள்.

"மூணு வருஷமா ஒண்ணுகூடத் துளிர்க்கலையேக்கா," என்று அந்தப் பக்கம் அவள் ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி, அழுதாள்.

"கைராசி வேணும்டி. உன் கை பட்டா கல்லுகூடக் கருகும்!"

தெருவே கேட்கட்டும் என்றுதான் அந்தக் குரல். அப்படியொரு இனிப்பு மாம்பழம் அங்கே டீச்சரம்மா வீட்டு மரத்தில் மட்டும்தான். பழத்துக்காக ஊரே பல்லிளித்து நிற்கும் சுகத்தை அவள் பங்கு போடுவாளா? குச்சி கேட்டால் மறுக்கமாட்டாள். கொடுக்கும் முன் கொதிக்கும் நீரில் ஒரு முக்கு முக்குவாள், அவ்வளவுதான். மற்றவர்கள் சலித்து விட்டுவிட்டார்கள். ஓரகத்திதான் விடாமல் கேட்டவள்.

அன்றிலிருந்து அவளுக்குக் 'கருகல்கை' என்று பெயர். கீரை விதைக்கக்கூட யாரும் அவளைச் சேர்க்கவில்லை. பாவம், அவளும் அதை நம்பினாள். ஒரு பிடி மண்ணில்லாத மூன்றாம் மாடி வீட்டுக்குக் குடிபோய்விட்டாள்.

டீச்சரம்மாவின் ஒரே மகள் கல்யாணமாகிப் பின்தெருவுக்குப் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்து, "எங்க வீட்லயும் நம்ம மாமரம் வேணும்மா, ஒரு குச்சி குடேன்," என்றாள்.

"உனக்கில்லாததா கண்ணு?" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டு, டீச்சரம்மா அடுப்பில் தண்ணீர் வைத்தாள்.