போன் குரல்

தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்கும் கம்பெனியின் புகார் பிரிவில் அவளை மிஞ்ச ஆளில்லை. மெஷின் வாங்கி நொந்துபோனவர்கள் வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். அவள் குரலோ தேனாக ஒழுகும். "உங்க கஷ்டம் எனக்குப் புரியுது சார். நிதானமாச் சொல்லுங்க, நான் எங்கயும் போகல." மாலைக்குள் அந்தப் பொறுமை முழுவதையும் ஊராருக்கே கொடுத்துத் தீர்த்துவிடுவாள்.

வீட்டில் ஆறு வயது மகள். மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு ஊரைக் கூட்டுவாள். சட்டைத் தையல் குத்துகிறது என்பாள், டியூப்லைட் கூசுகிறது என்பாள். இந்தக் குழந்தையின் காதும் தோலும் எல்லாவற்றையும் பல மடங்காக வாங்குகின்றன, அழும்போது பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பேசுங்கள் என்றார் டாக்டர். நாலு சாத்து சாத்தினால் சரியாகிவிடும் என்றாள் நாத்தனார். இவள் அடிக்கவில்லை, கத்தினாள். அடிக்காததற்காகத் தன்னையே மெச்சிக்கொள்ளவும் செய்தாள்.

சில வாரங்களாக மகள் துணி அலமாரிக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறாள். அம்மா கூப்பிட்டால் வருவதில்லை. எல்லாம் அந்தப் பாழாய்ப்போன மிக்ஸியால்தான் என்று பெற்றவள் நம்பினாள்.

வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை. அப்படி ஒரு நாள், பில்லைத் தேடி எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டு ஒரு வாடிக்கையாளர் போனார். மியூட் அழுத்திவிட்டதாக நினைத்து, ஹெட்செட்டை மேசையில் வைத்துவிட்டுச் சட்னி அரைக்க ஓடினாள். மியூட் விழவில்லை.

மறுவாரம் சூப்பர்வைசர் அந்த அழைப்பின் பதிவைப் போட்டுக் காட்டினார். மிக்ஸி இரைந்தது. நின்றது. அழுகை இல்லை. "முடிஞ்சுதாம்மா?" என்று மகள் மெல்லக் கேட்டாள். அதற்குப் பிறகுதான் அந்தக் குரல் வெடித்தது. "காதுலேர்ந்து கைய எடுடி! ஆரம்பிச்சிடாதே!" குழந்தை வீறிட்டது.

இன்னொரு முறை போடச் சொன்னாள். மூன்றாவது முறையும் கேட்டாள். வரிசை மாறவில்லை. பிள்ளை மிக்ஸியைப் பல்லைக் கடித்துப் பொறுத்திருக்கிறது. பொறுக்க முடியாதது பெற்றவளின் தொண்டை.

"கஸ்டமர் ஒண்ணும் சொல்லல. ரொம்பப் பொறுமையாப் பேசினீங்கன்னு அஞ்சு ஸ்டார் குடுத்திருக்கார்" என்றார் சூப்பர்வைசர். "மியூட்ட மட்டும் பார்த்து அழுத்துங்க."

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் அலமாரி முன் தரையில் உட்கார்ந்தாள். மெதுவாகப் பேச அவளுக்குத் தெரிந்த குரல் ஒன்றே ஒன்றுதான். அதை எடுத்தாள்.

"உன் கஷ்டம் எனக்குப் புரியுது. நிதானமாச் சொல்லு, நான் எங்கயும் போகல."

திரும்பவும் சொன்னாள். கதவு ஒரு விரல் அளவுக்குத் திறந்தது. மகள் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. ஹெட்செட் மாட்டும் காதைத் தேடிப் பார்த்தாள்.

"நீ போன் பேசி முடிம்மா" என்றாள் ரகசியமாக. "நான் சத்தம் போட மாட்டேன்."

கதவை உள்ளிருந்து மெதுவாகச் சாத்திக்கொண்டாள்.