மினாதோவின் திரைச்சீலை

1

ஜெர்மனியின் வுப்பர்டாலில் எங்கள் ரயில் மேலே ஓடும் தண்டவாளத்தில் தொங்கிக்கொண்டு போகும். சில இடங்களில் மாடிச் சமையலறைகள் கைக்கெட்டும் தூரத்தில் வரும். ஒருநாள் ஒரு யன்னலில் கோப்பையோடு நின்ற ஜப்பான்காரன் ஒருவன் என் பக்கம் பார்த்ததும் வெளிறிப்போய்த் திரைச்சீலையை இழுத்து மூடினான். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மீதி நான் கட்டியது.

2

'மினாதோ பதின்மூன்று வயதில் டோக்கியோவில் ஒரு…'

(வேண்டாம். இரங்கல் செய்தி போல இருக்கிறது.)

சுருக்கமாகச் சொல்கிறேன். சின்ன வயதிலேயே பையன்கள் பாட்டுக்குழு ஒன்றில் சேர்த்துவிட்டார்கள். கடைசி வரிசை. சிரி என்றால் சிரித்தான். காதலிக்காதே என்றால் அதையும் கேட்டான். குழு கலைந்ததும் தொலைக்காட்சித் தொடர்களில் பிணமாக நடித்தான், பிறகு பிணத்தைக் கண்டெடுப்பவனாக, ஒருவழியாகக் கொலைகாரனாக. அதில்தான் பெயர் வந்தது. பெயரோடு ஒருத்தியும் வந்தாள். அவன் வாசலில், லிஃப்டில், அவனுடைய அம்மா வீட்டுத் தெருவில் நின்றாள். அவளுக்குப் பயந்துதான் ஒரு நடன நாடகத்துக்கு ஒப்புக்கொண்டு, யாருக்கும் சொல்லாமல் எங்கள் ஊருக்கு வந்திருக்கிறான்.

(மேடை ஏறுகிறவன் எப்படி ஒளிவான் என்று கேட்காதீர்கள். இன்னும் ஒத்திகைதான்.)

3

ஆதிரை என்று ஒருத்தியைச் சேர்த்தேன்; அவளை நானே முழுதாக நம்பவில்லை. இங்கே பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை அவனுக்கு ரசிகையா? ஆனால் அவளில்லாமல் கதை நகராது.

மினாதோ தன் காலைச் சாப்பாட்டைப் படமெடுத்து இணையத்தில் போட்டான். பளபளத்த கேத்திலில் பிரதிபலித்த ஒரு நீலக் கறை. அது எங்கள் தொங்கும் ரயில் என்று ஆதிரை கண்டுபிடித்துவிட்டாள். பெருமை தாங்காமல் ரசிகர் பக்கத்தில், "இது எங்கள் வுப்பர்டால்!" என்று எழுதினாள்.

'எந்தத் தெரு?' என்று முகமில்லாத ஒரு கணக்கு கேட்டது. அவனைத் துரத்துகிறவளைப் பற்றி ரசிகைகளுக்கெல்லாம் தெரியும். பதறிப்போய் எழுதியதை அழித்தாள். ஆனால் அந்த வாரமே அடுத்த செய்தி வந்தது: 'வந்துவிட்டேன்.'

மினாதோவுக்கு எழுதினாள். அறியாதவர்களின் செய்தியைத் திறக்கிற வழக்கத்தை அவன் எப்போதோ விட்டிருந்தான்.

"அம்மா, பொலிசுக்குச் சொல்லுவமோ?"

"என்னெண்டு சொல்லுறது? ஒரு பொம்பிளை ஊர் பாக்க வந்திட்டாள் எண்டோ?" என்றாள் தாய் தேவமலர். பிறகு மகள் ஜாக்கெட்டை மாட்டுவதைக் கண்டாள். "சப்பாத்தைப் போடு. நானும் வாறன். முதல் அந்தப் பெடியனிட்டைச் சொல்லுவம்."

4

இருவரும் ரயிலில் யன்னல் யன்னலாகப் பார்த்துக்கொண்டு போனார்கள். கேத்தில் தெரிந்தது. கோப்பையோடு மினாதோவும் தெரிந்தான். ஆதிரை கையசைக்க எழுந்தாள்.

ஜப்பானில் ரசிகைகள் தங்கள் பாடகனின் பெயரெழுதிய கைவிசிறியோடு நிகழ்ச்சிக்கு வருவார்கள். பின்னால் நிற்பவருக்கு மறைக்குமென்று நெஞ்சுக்கு மேலே யாரும் அதைத் தூக்கமாட்டார்கள். ஆதிரைக்குப் பின் இருக்கையில் ஒருத்தி தூக்கியிருந்தாள். தலைக்கு மேலே, கண்ணாடியோடு ஒட்டி. அதில் மினாதோவின் பெயர்.

திரைச்சீலை மூடியது.

(அன்று அவன் பார்த்தது என்னைத்தானா? எனக்குப் பின்னால் யார் இருந்தார்கள் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு இப்போது பயமாக இருக்கிறது.)

விசிறிக்காரி எழுந்து கதவருகே போனாள். தேவமலர் குறுக்கே நின்றாள். "பிள்ளை, கதவு திறந்தோடனை நீ ஓடு. இவளை நான் மறிக்கிறன்."

5

முடிவு ஒன்று: ஆதிரை முதலில் படியேறி…

முடிவு இரண்டு: தேவமலரால் ஏலாமல்…

யார் முதலில் போனார்கள், எந்த வீடு, எத்தனையாம் மாடி என்று கேட்கிறீர்கள். விசிறிக்காரியும் அதைத்தான் கேட்டாள். நான் எழுதினால் அவளும் வாசிப்பாள். நிறுத்தத்தின் பெயரை அழித்துவிட்டேன். ரயில் ஆற்றுக்கு மேலே, இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவில் தொங்கிக்கொண்டு நிற்கிறது. கதவு திறக்காது.

உங்கள் கையில் என்ன இருக்கிறதோ, அதை நெஞ்சுக்குக் கீழே இறக்குங்கள்.