தணிகைவேலின் சூடு

திங்கட்கிழமை காலையில் செத்துப்போன அரசு வழக்கறிஞர் தணிகைவேலின் உடம்பு புதன்கிழமை வரைக்கும் ஆறவேயில்லை. பொன்னேரியிலிருந்து வந்த ஃப்ரீசர் பெட்டி இரண்டும் திங்கள் சாயங்காலத்துக்குள் புகைந்து நின்றுபோயின. மூன்றாவதைத் தடாவிலிருந்து கொண்டுவந்தார்கள். அதன் கண்ணாடி வேர்த்துக் கொட்டியதே தவிர உள்ளே குளிரவில்லை. டாக்டர் நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்து, துடிப்பு இல்லை, காய்ச்சல் மட்டும் நூற்று நாலு என்று சொல்லிவிட்டு, காபி குடித்துப் போனார்.

பொதட்டூர்பேட்டைக்காரர். பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்து, பனிக்கு இடது காலில் இரண்டு விரலைக் கொடுத்துவிட்டு வந்து, நாற்பதை நெருங்கும்போது சட்டம் படித்து, கும்மிடிப்பூண்டியில் வீடு கட்டிக்கொண்டவர். மனைவி போன பிறகு மகள் பூமிகாவுக்குத் தினமும் பூட்ஸ் கயிறு கட்டுகிற மாதிரி இறுக்கிச் சடை பின்னி, பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் கோர்ட்டுக்குக் கிளம்புவார். கல்லூரி முடிக்கிற வரைக்கும் அவளுக்குத் தலைவலி விடவில்லை. ஒருநாளும் அவரிடம் சொன்னதுமில்லை.

பொம்பளைப் பிள்ளை கொள்ளி வைக்கப் போகிறாளே என்றுதான் மனுஷன் கொதிக்கிறார் என்று பங்காளிகள் தீர்ப்புச் சொன்னார்கள். தம்பி மகன் சின்னதுரையை ஈர வேட்டியோடு கூட்டிவந்து கொள்ளிச்சட்டியைக் கையில் கொடுத்தார்கள். சூடு இன்னும் ஏறியது. நெற்றிக் காசைச் சரிசெய்யப் போனவன் விரல் கொப்பளித்தது. அட கூறுகெட்டவர்களா, பெத்த மகள் வைக்கிற நெருப்பு அந்த மனுஷனுக்குக் கசக்குமா? மூன்று நாளும் பூமிகா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தாள். அவளை அது சுடவில்லை.

புதன் காலை ஏஞ்சல் வந்தாள். தொழிற்பேட்டைக் கம்பெனி ஒன்றில் பாய்லர் வெடித்து வெந்துபோன ஜோசப்பின் பொண்டாட்டி. தணிகைவேல் நடத்திய அந்த வழக்கில் கம்பெனி முதலாளி விடுதலையாகிவிட்டான். அப்பீல் போட்டே ஆகவேண்டும் என்று அவர் தன் கைப்பட எழுதி, சென்னைக்கு அனுப்பச் சொல்லி ஜூனியர் சரவணகுமாரிடம் கொடுத்து இருபது நாள் ஆயிற்று.

"இன்னியோட கெடு முடியுதும்மா. சாரு எழுதின ஃபைலு போய்ட்ச்சா?" என்று பூமிகாவிடம் கேட்டாள்.

சரவணகுமார் அப்போது தலைமாட்டில் நின்று விசும்பிக்கொண்டிருந்தான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். கையிலிருந்த ரோஜா மாலையைப் போட்டான். போட்ட மாத்திரத்தில் அது கருகி உதிர்ந்தது. பூமிகா மாலையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"நைனா குடுத்த ஃபைல் எங்க சார்?"

"ஆபீஸ்லதாம்மா... இந்த நேரத்துல அத ஏம்மா பேசிக்கினு..."

"இந்த நேரத்துலதான்யா பேசுவேன். கார் சாவிய குடு."

பின்சீட்டுக்கு அடியில், கம்பெனி தந்த ஸ்வீட் பாக்ஸுக்குக் கீழே கிடந்தது ஃபைல். பூமிகா அவனைக் கேட்ட கேள்விகளை இங்கே எழுதினால் படிக்கிறவர்கள் காது கூசும். ஒரு வார்த்தைகூட அதிகமில்லை, தெருவே சாட்சி.

அப்புறம் ஃபைலை மார்போடு பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். இது போய்ச் சேர்ந்தால் அப்பா ஆறிவிடுவார். அந்தக் கையில் மிச்சமிருக்கிற சூடும் போய்விடும். பாழாய்ப்போன இந்தக் காகிதம் கெடு தாண்டிக் கிடந்தால் இன்னும் எத்தனை நாள் வேண்டுமானாலும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

"ஒன்பதரை வண்டிய புடிச்சிடுக்கா," என்று ஏஞ்சலிடம் நீட்டினாள். "சீல் வெச்சதும் போன் பண்ணு." சின்னதுரை சட்டியைக் கீழே வைத்துவிட்டு, சரவணகுமாரின் காலரைப் பிடித்த பிடி விடாமல் அவனையும் ரயிலேற்றினான்.

மத்தியானம் இரண்டு பத்துக்கு போன் அடித்தது. பூமிகா எடுக்கவில்லை. அவள் பிடித்திருந்த கை விரல் நுனியிலிருந்து ஜில்லிட்டுக்கொண்டு வந்தது. மூன்று நாளாகப் பொட்டுக் கண்ணீர் விடாதவள், "ஐயோ நைனா, போயிட்டியே!" என்று தலையில் அடித்துக்கொண்டு அலறினாள். இறப்புப் பதிவேட்டில் புதன்கிழமை என்றுதான் எழுதினார்கள். அதுதான் சரியும்கூட.