கூட்டு வாசிப்புத் தேர்வில் ஒரு கொலைமுயற்சி

தீயணைப்புப் படையில் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன் நான். எரிகிற கட்டடத்திலிருந்து எருமையையே தோளில் தூக்கி வந்திருக்கிறேன். (என் மனைவியைக் கேட்காதீர்கள், பூனை என்பாள்.) அப்பேர்ப்பட்ட என்னையே நடுங்க வைத்தது, ஓய்வுக்குப் பிறகு நான் சேர்ந்த இசை முதுகலைப் படிப்பின் கூட்டு வாசிப்புத் தேர்வு.

எங்கள் குழுவில் மூன்று பேர். வயலின் அக்கா, பியானோ தம்பி, இருவரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். அப்புறம் செல்லோவோடு நான். செல்லோ என்றால் வயலினுக்குப் பெரியப்பா மாதிரி, கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிக்க வேண்டும். மூவருக்கும் சேர்த்து ஒரே மதிப்பெண். தோற்றால் என்னைப் பேரப்பிள்ளைகள் கேலி செய்வார்கள், அவ்வளவுதான். அக்கா கதை வேறு. ஏற்கெனவே இரண்டு முறை கோட்டை விட்டவள். இந்த முறையும் போனால் பெயரையே நீக்கிவிடுவார்கள். இந்தப் படிப்புக்காக வங்கி வேலையை உதறிவிட்டு வந்திருந்தாள்.

"தாளை முறைக்காதீங்க, ஒருத்தர் கையை ஒருத்தர் பாருங்க!" என்று ஆசிரியை தொண்டை வற்றக் கத்தியும் எங்கள் மூக்கு சுரம் அச்சடித்த தாளைவிட்டு எழவில்லை. அக்காவின் மூக்கு அதில் ஒட்டியே போயிருந்தது. வில்லை எங்கே தள்ளுவது, எங்கே இழுப்பது, எந்த விரல் என்று ஒவ்வொரு சுரத்தின் தலையிலும் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தாள்.

தேர்வன்று காலை, தேர்வும் நடக்கவிருந்த பயிற்சி அறையில் தாளை விரித்தாள். அச்சடித்த சுரங்கள் மட்டும் பளிச்சென்று இருந்தன.

"டேய்... என் கோடெல்லாம் எங்கடா?"

"நான்தான்க்கா அழிச்சேன்." தம்பி பெருமையாகச் சிரித்தான். "நூலகத்துத் தாளாச்சே. இப்படியே திருப்பிக் குடுத்தா அந்தம்மா கடிச்சு வெச்சிருவாங்க. உனக்குத்தான் இந்நேரம் மனப்பாடம் ஆயிருக்குமேன்னு..."

இரும்புத் தாள்தாங்கி காற்றைக் கிழித்துக்கொண்டு அவன் புருவத்தில் இறங்கியது. பியானோவின் வெள்ளைக் கட்டைகளெல்லாம் சிவப்பு. அவன் அவள் முடியைக் கொத்தாகப் பிடித்துச் சுவரில் மோதினான். அவள் அவன் காதைக் கவ்வினாள். அவன் போட்ட அலறல் பியானோவில்கூட இல்லாத சுரம். பியானோ நாற்காலி பறந்தது, ஜன்னல் கண்ணாடி தூளானது.

நடுவில் புகுந்தேன். "மாமா, தள்ளுங்க!" என்றாள் மரியாதையாக. அடுத்த நொடி அவள் முழங்கை என் வாய்க்குள் இருந்தது. முன்பல் இரண்டு செல்லோவின் ஓட்டைக்குள் விழுந்து கடகடவென்று உருண்டன.

கதவு திறந்தது. தேர்வாளர்.

அறையைச் சுற்றிப் பார்த்தார். ரத்தத்தை மிதிக்காமல் நடந்து போய் உட்கார்ந்தார். "ஆரம்பிங்க."

அக்காவின் தாளில் பார்க்க அவள் போட்ட கோடு ஒன்றும் இல்லை. ஆகவே தம்பியைப் பார்த்தாள், அறுக்கப் போகிற ஆட்டைப் பார்ப்பதுபோல. அந்த வில் எப்போது தன் கண்ணுக்குள் பாயுமோ என்று அவன் வில்லைவிட்டுப் பார்வையை எடுக்கவில்லை. மிச்சமிருக்கும் பற்களுக்காக நான் இருவரையும் பார்த்தேன். அவள் தோள் லேசாக எழுந்தால் போதும், அவன் கை எழுந்தது; எனக்கு மூச்சு ஏறியது. வேகமான பகுதியை மூன்று ஓநாய்கள் ஒரு மானைத் துரத்துவதுபோலத் துரத்தினோம். கடைசிச் சுரத்தில் மூவரும் ஒரே கோடரியாக இறங்கினோம். சுவரில் காரை உதிர்ந்தது. சத்தியமாக உதிர்ந்தது.

தேர்வாளர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "இப்படி ஒருத்தரை ஒருத்தர் கவனிச்சு வாசிச்ச குழுவை நான் பார்த்ததே இல்லை. பாஸ். முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க."

அவர் போனதும் அக்கா தரையில் சரிந்து, ரத்தச் சட்டையில் முகம் புதைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதாள். தம்பி காதைப் பொத்தியபடி அருகில் குந்தினான்.

"பார்த்தியாக்கா? நான் அழிச்சதாலதானே பாஸானே?"

அவள் அழுகையை நிறுத்தினாள். வயலினைப் பத்திரமாகப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். பிறகு தாள்தாங்கியை எடுத்தாள்.

"மாமா! கதவைத் திறங்க, மாமா!" என்று தம்பி கதவருகே நின்ற என்னிடம் ஓடி வந்தான்.

நான் நிதானமாக உள்தாழ்ப்பாளைப் போட்டேன்.